மலையில் பின்னால் வந்த காலடிச் சத்தம்: அது என்னவாக இருக்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலைமுகட்டில் தனியாக நடந்துகொண்டிருக்கிறீர்கள், மூடுபனி இறங்கிவிட்டது, பின்னால் யாரோ நடந்து வருகிற சத்தம். நின்றால் அதுவும் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை. அப்புறம் காரணமே சொல்ல முடியாத ஒரு பயம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகக் கீழே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா, இல்லை அங்கே நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, திரும்பவும் அங்கே போகலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்டது என்கிறீர்கள், கேட்டிருக்கும். அதைக் கற்பனை என்று நான் ஒதுக்க மாட்டேன். மலையில் நடப்பவர்கள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்து ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்து விடுவார்கள். எனக்குக் கவலை தந்தது சத்தம் அல்ல, நீங்கள் ஓடியதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்களுக்கு வெகுகாலம் முன்பே இதே அனுபவத்தைச் சொல்லிப் பேர் வாங்கியவர் நார்மன் காலி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியல் பேராசிரியர், 1895இல் நங்க பர்வதத்தை ஏற முயன்ற குழுவில் இருந்தவர், எளிதில் மிரள்கிற ஆள் இல்லை. 1891இல் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளில் பென் மெக்டூயி உச்சியிலிருந்து மூடுபனிக்குள் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, தன் காலடிச் சத்தத்தோடு இன்னொன்றும் கேட்பதுபோல் அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. இவர் சில அடிகள் வைத்தால் பின்னால் ஒரு 'சரக்'. தன்னைவிட மூன்று நான்கு மடங்கு நீளமாக அடி எடுத்து வைக்கிற யாரோ வருவதுபோல. இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், நின்று காது கொடுத்துக் கேட்டார், ஒன்றும் தெரியவில்லை. பிறகு பயம் பிடித்துக்கொள்ள, பாறைகளுக்கு நடுவே தட்டுத் தடுமாறி நாலைந்து மைல் ஓடி ரோத்திமர்கஸ் காட்டுப் பக்கம் வந்துதான் நின்றாராம். இதை அவர் 1925இல், அபர்டீனில் நடந்த கெய்ர்ன்கார்ம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அதிலிருந்து அந்த மலைக்கு ஒரு 'சாம்பல் நிற ராட்சசன்' குடிவந்துவிட்டான். 1943இல் ஒருவர் அங்கே மூடுபனிக்குள் தன்னை நோக்கி வந்த உருவத்தைக் கைத்துப்பாக்கியால் மூன்று முறை சுட்டுவிட்டு ஓடியதாகச் சொல்லியிருக்கிறார்.

காலி சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: அவர் எதையும் பார்க்கவில்லை. கேட்டார், பயந்தார், ஓடினார், அவ்வளவுதான். ராட்சசன், உருவம், உயரம், ரோமம் எல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. நடந்ததற்கும் கூட்டத்தில் சொன்னதற்கும் நடுவே 34 வருடம் ஓடியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் அத்தனை காலத்தில் ஒரு ஞாபகத்துக்குக் கொஞ்சம் மெருகு ஏறாமல் இருக்காது. அதற்குப் பிறகு அந்த மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் கதையைத் தெரிந்துகொண்டுதான் போகிறார்கள், மூடுபனி இறங்கியதுமே காதைத் தீட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். ஆனாலும் அவருக்கு ஏதோ கேட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, சத்தத்துக்கு வருவோம். இந்த மாதிரி அனுபவங்கள் பெரும்பாலும் காதில்தான் தொடங்குகின்றன, அதிலும் தலைமூடிக்குள் இருக்கிற காதில். மழைச்சட்டையின் தலைமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தால் துணி காதருகே உரசுகிற சின்னச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது அழிந்துபோகும். திசை தெரியாத சத்தத்தை மனசு தானாகவே முதுகுப் பக்கம் கொண்டுபோய் வைக்கும், ஏனென்றால் முன்னால் எதுவும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறதே. இப்போது முதுகுப்பையின் உபரி வார் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பை ஆடுகிறது, வார் பையைத் தட்டுகிறது. வார் நீளமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் தட்டாது, இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை தட்டும். நீங்கள் சட்டென்று நின்றால் உங்கள் கால் நின்றுவிடும், பை இன்னும் ஒரு தடவை முன்னால் ஆடும், வார் கடைசியாக ஒரு தட்டுத் தட்டும். பின்னால் வருகிறவர் அரை நொடி தாமதித்து நின்றதுபோல் இருக்கும். நீங்கள் சொன்ன 'நின்றால் அதுவும் நிற்கிறது' எனக்கு உடனே இதைத்தான் ஞாபகப்படுத்தியது. காலியின் ராட்சச அடிகளும் வார்தானா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது, 1891இல் அவர் எந்தப் பையை மாட்டியிருந்தார் என்று யார் கண்டது.

வார் இல்லாவிட்டால் தரையைப் பார்க்க வேண்டும். பாசியும் ஈரமான புல்தரையும் மிதிபட்டு அமுங்கி, நீங்கள் நாலு அடி தாண்டிப் போன பிறகு மெதுவாக நிமிரும், அப்போது ஒரு உறிஞ்சுகிற சத்தம் வரும். சரளைச் சரிவில் உங்கள் கால் அசைத்த கல் ஒன்று கொஞ்சம் யோசித்துவிட்டு அப்புறம் உருளும். மேலே உறைந்து கீழே பொலபொலவென்று இருக்கிற பனித்தரை, ஆள் தாண்டிப் போன பிறகு தனியாக நொறுங்கும். இதில் ஒன்று மட்டும் விளையாட்டு இல்லை: பனி மூடிய சரிவில் கால் வைத்ததும் தரைக்கு அடியிலிருந்து 'வும்ப்' என்று ஒரு கனத்த சத்தம் எழுந்து, தரையே ஒரு விரல் இறங்கியதுபோல் உணர்ந்தால், பனியின் உள்ளே பலவீனமான அடுக்கு ஒன்று இடிந்திருக்கிறது. பேயா பிசாசா என்று ஆராயாமல் அந்தச் சரிவை விட்டு விலகிவிடுங்கள், அது பனிச்சரிவு வருவதற்கான அறிகுறி.

அப்புறம் காற்று. மலையேற்றக் கைத்தடியில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள் இல்லையா, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் காற்று பட்டால் அந்தத் துளை மெல்லிய ஊளையாகப் பாடும். கையைத் திருப்பினால் நின்றுவிடும், அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். பாழடைந்த கம்பிவேலி, உள்ளே கூடான இரும்புத்தூண், மூடி திறந்த தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இதே ரகம். வேலிக்கம்பியின் முனகல் தூரத்தில் ஒரு பெண் அழுவதுபோலவே இருக்கும், பகலில் வேலியைப் பார்த்துவிட்டுப் போனவருக்கு ஒன்றுமில்லை, இருட்டில் முதல்முறை கேட்பவருக்கு உயிர் போய்விடும்.

ஓடைகள்தான் இதில் பெரிய கைகாரர்கள். பாறைக்குவியலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கூடாரம் போட்டுப் படுத்துப் பாருங்கள்: நடுராத்திரியில் நாலு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். தொனி தெரியும், ஒருவர் கேள்வி கேட்பதும் இன்னொருவர் பதில் சொல்வதும் தெரியும், வார்த்தை மட்டும் பிடிபடாது. சிலருக்கு வானொலியில் பாட்டு ஓடுவதுபோல் கேட்கும். எல்லாச் சுருதியும் கலந்த ஒரே மாதிரியான இரைச்சலைக் கொடுத்தால் மூளை அதிலிருந்து தனக்கு மிகவும் பழக்கமான ஒன்றை வடிகட்டி எடுக்கும், மனுஷக் குரலைவிடப் பழக்கமானது வேறு என்ன இருக்கிறது? இதைச் சோதிப்பது சுலபம். எழுந்து இருபது முப்பது அடி தள்ளிப் போய் நின்று கேளுங்கள், இரைச்சலின் கலவை மாறியதும் அந்த ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆனால் சில சமயம் நிஜமாகவே ஆட்கள் பேசுவதும் உண்டு. காற்றில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கி, மேலே சூடான காற்று மூடிபோல நின்றால், கீழ்நோக்கி வளைந்து வருகிற ஒலி வெகுதூரம் போகும். ஒரு முழுப் பள்ளத்தாக்குக்கு அப்பால் பேசுகிறவர்கள் கூடாரத்துக்கு வெளியே நிற்பதுபோல் கேட்பார்கள்.

விலங்குகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒரு இடத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ரம் என்று ஒரு தீவு. அங்கே ட்ரோலவல் என்கிற மலைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள், பூதங்களின் மலை என்று. அந்த மலைகளின் உச்சிப் பக்கத்தில் மேங்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் வளை தோண்டிக் கூடு கட்டுகின்றன. பகல் முழுக்கக் கடலில், கும்மிருட்டானதும் கூட்டமாக மலைக்கு வந்து, மண்ணுக்கு அடியிலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் தொண்டை கிழிகிற மாதிரி அலறும். கடற்பறவை மலை உச்சியில், அதுவும் பூமிக்குள், அதுவும் ராத்திரியில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அங்கே முதலில் படுத்தவர்கள் பூதம் என்று முடிவு கட்டியதில் ஒரு தப்பும் இல்லை. அந்திநேரத்தில் வாலிறகை விரித்துச் சரிந்து இறங்கி ஆடு கனைப்பதுபோல் அதிரவைக்கிற உள்ளான் குருவியும், இலையுதிர் காலத்தில் மூடுபனிக்குள்ளிருந்து கர்ஜிக்கிற செம்மான் கிடாவும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

கண்ணால் காண்பவற்றில் முதலிடம் புரோக்கன் பூதத்துக்கு. ஜெர்மனியின் ஹார்ஸ் மலைத்தொடரில் 1,141 மீட்டர் உயரமுள்ள புரோக்கன் சிகரத்தில் அடிக்கடி தெரிவதால் இந்தப் பெயர், 1780இல் யோகான் சில்பர்ஷ்லாக் இதை விவரித்து எழுதியிருக்கிறார். சூரியன் உங்களுக்குப் பின்னால் தாழ்வாக இருக்க வேண்டும், மூடுபனி உங்களுக்கு முன்னால் கொஞ்சம் கீழே கிடக்க வேண்டும். அப்போது உங்கள் நிழல் பனித்திரையில் விழும். சுவரில் விழுகிற நிழல்போல் தட்டையாக இல்லாமல் பனியின் ஆழத்துக்குள் நீண்டு விழுவதாலும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண் கணிக்க முடியாததாலும், ஒரு ராட்சசன் எதிர்முகட்டில் நிற்பதாகத் தோன்றும். பனி நகர்ந்தால் நீங்கள் சும்மா நின்றாலும் அவன் அசைவான். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் வேறு. பக்கத்தில் நண்பர் நின்றால் அவரவர் தலையைச் சுற்றி மட்டுமே அவரவருக்கு வளையம் தெரியும், அதை வைத்துச் சண்டைகூட நடந்து பார்த்திருக்கிறேன். கையைத் தூக்குங்கள், அவனும் தூக்குவான். 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சி வானிலை நிலையத்தில் சில வாரம் தங்கியிருந்த இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் இந்த வளையங்களின் அழகில் மயங்கி, மேகத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்கிப் பார்க்கலாம் என்று இறங்கி, கடைசியில் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டுகிற மேக அறையைக் கண்டுபிடித்து 1927இல் நோபல் பரிசு வாங்கினார்.

ஆனால் இதை எல்லாவற்றுக்கும் பதிலாக நீட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. பென் மெக்டூயி விஷயத்துக்கும் புரோக்கன் பூதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்வார்கள். நிழல் விழ வெயில் வேண்டும், காலி கெட்டியான மூடுபனிக்குள் இருந்தார். நிழல் நடந்து சத்தம் போடவும் போடாது. ஒரு விளக்கம் உண்மை என்பதாலேயே அது இந்தச் சம்பவத்துக்கும் பொருந்திவிடாது. வெயிலே இல்லாத மூடுபனியில் வேறொன்று நடக்கும்: கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதால் தூரத்தில் இருப்பதாக மூளை கணக்குப் போடும், அவ்வளவு தூரத்தில் இருந்தும் இத்தனை பெரிதாகத் தெரிந்தால் அது பிரம்மாண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் முடிவு கட்டும். அசையாமல் நம்மையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஆளுக்கு நாங்கள் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறோம், பத்தடியில் அது இடுப்பளவு கல்குவியல். 1865இல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதல்முறை ஏறி இறங்கும்போது நான்கு பேர் விழுந்து செத்த அன்று மாலை, எட்வர்ட் விம்பரும் உடனிருந்த வழிகாட்டிகளும் வானத்தில் ஒரு பெரிய வளைவையும் இரண்டு சிலுவைகளையும் பார்த்தார்கள். நாலு சாவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது என்னவாகப் பட்டிருக்கும்! விம்பர் அந்த நிலையிலும், தாங்கள் அசைந்தால் அதுவும் அசைகிறதா என்று சோதித்திருக்கிறார். அசையவில்லை.

இனி 'யாரோ இருக்கிறார்கள்' என்கிற உணர்வு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே சத்தமும் கிடையாது உருவமும் கிடையாது, இருப்பு மட்டும். 1916 மே மாதம் அண்டார்டிக் ஆய்வுப் பயணி ஷாக்கிள்டன், அவர் குழுவின் வொர்ஸ்லி, க்ரீன் மூன்று பேரும் தெற்கு ஜார்ஜியா தீவின் பெயரிடப்படாத மலைகளையும் பனியாறுகளையும் 36 மணி நேரம் நிற்காமல் கடந்தார்கள். நாங்கள் மூவர் அல்ல, நால்வர் என்று அடிக்கடி தோன்றியது என ஷாக்கிள்டன் பின்னாளில் எழுதினார். நடக்கும்போது வாய் திறக்கவில்லை. பிறகு வொர்ஸ்லி தானாகவே அதையே சொன்னார், க்ரீனும் ஒப்புக்கொண்டார். 1933இல் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் எவரெஸ்டில் சுமார் 8,500 மீட்டர் உயரத்தில் தனியாக, ஆக்சிஜன் இல்லாமல் ஏறியபோது கூடவே ஒருவர் வருவதாக அவ்வளவு உறுதியாக இருந்தார். கையிலிருந்த புதினா மிட்டாயை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கொடுக்கத் திரும்பினார். இதில் பயமே இல்லை என்பதைப் பாருங்கள். கூட வருகிறவர் பெரும்பாலும் துணையாகத்தான் வருகிறார்.

2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஒலாஃப் பிளாங்க் குழு வெளியிட்ட ஆய்வு இதன் மேல் கொஞ்சம் வெளிச்சம் போட்டது. வலிப்புநோய் சிகிச்சைக்கான பரிசோதனையின்போது ஒரு பெண்ணின் மூளையில் இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டியதும், தனக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதாகச் சொன்னார். அவர் படுத்திருந்தால் அந்த ஆளும் படுத்திருந்தான், எழுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவனும் அப்படியே உட்கார்ந்து இவரைக் கட்டிக்கொண்டான். நம் உடம்பு எங்கே இருக்கிறது, எப்படி அசைகிறது என்று மூளை ஓயாமல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப் பிசகினால் நம் உடம்பையே இன்னொருவர் உடம்பாகப் பதிவு செய்துவிடும். 2014இல் இதே குழு, கண்ணைக் கட்டிக்கொண்ட நல்ல ஆரோக்கியமான ஆட்களை வைத்து, அவர்கள் கையசைவை ஒரு இயந்திரம் அவர்கள் முதுகிலேயே அரை நொடி தாமதமாகத் தொட்டுக் காட்டும்படி செய்தது. சிலருக்கு அறையில் வேறு யாரோ இருப்பதாகத் தோன்றியது, இரண்டு பேர் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அரை நொடி தாமதம், முதுகு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நிலை. மேலே நான் சொன்ன பை, வார், மூடுபனி மூன்றையும் இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எனக்குத் தெரிந்த விளக்கங்களில் மிகக் கிட்டத்தில் வருவது இது.

ஸ்மைத்துக்கு ஆக்சிஜன் குறைவு என்று சொல்லிவிடலாம், ஆயிரம் சொச்சம் மீட்டர் மலையில் அந்தச் சாக்கு எடுபடாது. அங்கே வேறு கூட்டாளிகள் உண்டு: களைப்பு, பசி, நனைந்த உடம்பில் குளிர்காற்று, மணிக்கணக்கில் தனிமை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வெள்ளையாக இருக்கிற காட்சி. கண்ணுக்குப் பார்க்க ஒன்றுமே கொடுக்காவிட்டால் மூளை தானே எதையாவது வரைந்துகொள்ள ஆரம்பித்துவிடும். இந்த உணர்வுகளை ஆவியின் செய்தியாக எடுப்பதற்குப் பதில் உடம்பின் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். உடல் சூடு 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் முதலில் கெடுவது புத்திதான், கெட்டது கெட்டவருக்கே தெரியாது. கடைசிக் கட்டத்தில் உடம்பு எரிவதாகத் தோன்றி, உறைபனியில் உடையைக் கழற்றுகிறவர்கள் உண்டு. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரித்தால் தேங்குகிற கார்பன் மோனாக்சைடும் தலைவலி, குழப்பம், பீதி எல்லாம் தரும், கூடவே ஆளையும் கொல்லும்.

இன்ஃப்ராசவுண்ட் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி, அதுதான் பயத்தை உண்டாக்குகிறது என்று. விக் டாண்டி என்ற பொறியாளர் 1998இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளம்பியது இது. அவருடைய ஆய்வகத்தில் ஒரு மின்விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸில் அதிர்ந்துகொண்டிருந்தது, அங்கே இருந்தவர்களுக்கு நடுக்கம், ஓரக்கண்ணில் ஒரு சாம்பல் உருவம். விசிறியைச் சரிசெய்ததும் போய்விட்டது. மலைமுகட்டில் மோதுகிற காற்றும் இந்த வகை ஒலியை உண்டாக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு அறையில் நடந்ததை வைத்து உலகத்து மலைப்பேய்களை எல்லாம் கட்டி அனுப்புவது எனக்கு அதிகப்படியாகப் படுகிறது.

இப்போது ஓட்டம். மூடுபனியில் ஓடினால் முதலில் தொலைவது திசை. யான் சோமன் குழு 2009இல் வெளியிட்ட சோதனையில், ஜெர்மனியின் ஒரு காட்டில் நேராக நடக்கச் சொல்லி ஆட்களை விட்டார்கள். வெயில் இருந்தபோது ஓரளவு நேராகப் போனார்கள், மேகமூட்டமான நாளில் வட்டமடித்தார்கள், தாங்கள் வந்த தடத்தையே குறுக்கே தாண்டியது அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் வட்டம் 20 மீட்டர் அகலத்துக்குக்கூடச் சுருங்கியது. இது சமதரையில். முகட்டில் வட்டமடித்தால் வட்டத்தின் ஒரு பக்கம் பள்ளம். ரஷ்யாவின் யூரல் மலையில் 1959 பிப்ரவரியில் தியாத்லோவ் என்பவரின் மலைப்பயணக் குழுவில் ஒன்பது பேர் கூடாரத்தை உள்ளிருந்து கிழித்துக்கொண்டு, சரியான உடையோ காலணியோ இல்லாமல் இருட்டுக்குள் போய்ச் செத்ததை எல்லோரும் மர்மமாகச் சொல்வார்கள். 2021இல் கோம், புஸ்ரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கூடாரத்துக்காக வெட்டிய சரிவில் சில மணி நேரம் கழித்து பலகைபோல் இறுகிய ஒரு சின்னப் பனி அடுக்கு சரிந்திருக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லாக் கேள்வியும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அவர்களைக் கொன்றதில் பெரும்பங்கு குளிருக்கு, அதாவது கூடாரத்தை விட்டு வெளியே இருந்ததற்கு.

ஆகவே அடுத்த தடவை அப்படி வந்தால், ஓடாமல் நில்லுங்கள். முதுகை ஒரு பாறையில் சாய்த்து உட்காருங்கள், பின்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போனாலே பாதிப் பயம் இறங்கிவிடும். தலைமூடியைக் கழற்றுங்கள், வார்களைச் செருகுங்கள், இனிப்பாக ஏதாவது வாயில் போடுங்கள், இன்னொரு உடுப்பு மாட்டுங்கள், வரைபடத்தை எடுத்து இருக்கிற இடத்தை உறுதி செய்யுங்கள். சத்தமாக நாலு வார்த்தை பேசுவதும் நல்லது, வெட்கப்பட யாரும் அங்கே இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: பாறையோ பனிக்கோடரியோ வேலிக்கம்பியோ ரீங்காரமிட்டு, மயிர்க்கால் குத்திட்டு, உலோக நுனியில் நீலமாகச் சுடர் தெரிந்தால் உட்காரக் கூடாது, முகட்டை விட்டு உடனே கீழே இறங்க வேண்டும். மின்னல் எங்கே விழலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

விளங்காதவை மிச்சம் இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. நார்வேயில் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1980களின் தொடக்கத்திலிருந்து மிதக்கும் வெளிச்சங்களைப் பார்த்து வருகிறார்கள்; 1998இல் தானியங்கிக் கேமரா நிலையமே வைத்தார்கள். சில கார் விளக்குகள், சில விமானங்கள், மிச்சத்துக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இன்னும் இல்லை. ஸ்மைத்தும் அதே எவரெஸ்ட் பயணத்தில், வானத்தில் துடித்துக்கொண்டிருந்த இரண்டு கறுத்த உருவங்களைப் பார்த்தார். கண்ணைத் திருப்பி, சுற்றியுள்ள சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தன் புத்தியைச் சோதித்தார், எல்லாம் சரியாக வந்தது, திரும்பிப் பார்த்தால் அவை அங்கேயே இருந்தன. ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் அந்த நிலைமையில் அவ்வளவு நிதானமாகச் சோதித்தவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வராது.

திரும்பப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். முதல்முறை வானம் தெளிவான பகலில், ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் எந்த இடத்தில் கேட்டது என்று அவரிடம் சொல்லாதீர்கள். முகட்டைத் தாண்டிய பிறகு இருவரும் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். அதே பை, அதே சட்டை, தலைமூடியும் போட்டபடி. சத்தம் வந்தால் வாரைச் செருகிவிட்டு அந்தத் துண்டை மறுபடி நடங்கள், பிறகு தலைமூடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை. அதற்கப்புறமும் கேட்டால், காற்று எந்தப் பக்கம் அடித்தது, பக்கத்தில் வேலியோ ஓடையோ இருந்ததா, தரை பாசியா சரளையா என்று குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்.